கையெழுத்துப் போட்டானா?

கல்முனை
12.01.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடித் திரிகிறோம். மான்செஸ்டர் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதென்று முதலில் கேட்கச் சொன்னா உம்மா.

இந்தக் காலத்தில் தங்கச்சி தபாலில் கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பயப்பட விஷயம் இருக்கிறது. டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி நம் தம்பி ஷிப்லியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடைய போனையும் உம்மாவின் போனையும்கூட விடவில்லை. புதுப் போன் வாங்கினாலும் இதைப் பற்றி அதில் ஒரு சொல் கதைக்க வேண்டாம் என்று தம்பிக்காகப் பேசும் சட்டத்தரணி கேதீஸ்வரன் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பேனையும் கடதாசியும்.

தம்பியின் வாய் உங்களுக்குத் தெரியும். கையும் அதே மாதிரி. அறுகம்பையில் அவன் வேலை செய்த விடுதியில், வரவேற்பு மேசைக்கு மேலே "கொலைகாரருக்கு இங்கே அறை இல்லை" என்று இங்கிலீஸில் எழுதி ஒட்டி, அதைப் படம் பிடித்து பேஸ்புக்கிலும் போட்டிருக்கிறான். காஸாவில் செத்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து அவன் சோறு தண்ணி இல்லாமல் திரிந்த நேரம் அது. விடுதிகளில் இஸ்ரேல் பயணிகள் நிறைந்திருந்த நேரமும் அதுதான். மூன்றாம் நாள் ஜீப் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டமாம். தொண்ணூறு நாள் தடுப்பு உத்தரவாம்.

ஆறாம் திகதி நானும் மீராமுகைதீன் மரைக்காரும் கொழும்புக்குப் போய்ப் பார்த்தோம். பள்ளிவாசலில் நம் குடிக்குத் தலைமை மரைக்கார் அவர்தானே, அவர்தான் முன்னுக்கு நின்று அலுவல் பார்க்கிறார். தம்பி மெலிந்திருக்கிறான். ஸலாம் சொன்னான். சாப்பாடு கொடுக்கிறார்களாம். நோன்புக்கு முன் வந்துவிடுவான் என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

துஆவில் மறக்க வேண்டாம்.
தங்கச்சி கமீலா

மான்செஸ்டர்
30.01.2025

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். என் முழங்கால் கிடக்கட்டும். உம்மாவுக்குப் பிரஷர் குளிசை ஒழுங்காகக் கொடுக்கிறாயா?

உன் கடிதத்தை வாசித்த கையோடு சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். நான் பராமரிக்கும் டொக்டர் ஹேர்ஷைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எண்பத்து மூன்று வயது யூதப் பெண்மணி. இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி என்று நம்மைவிடப் பேணுதல். ஒரு கரண்டி குடித்துவிட்டு என்ன நடந்ததென்று கேட்டார். தம்பியை அடைத்துவிட்டார்கள் என்றேன். வேறு யாராக இருந்தாலும் "என்ன செய்தான்?" என்றுதான் கேட்பார்கள். இவர் அதைக் கேட்கவில்லை. "கையெழுத்துப் போட்டானா?" என்று கேட்டார்.

சித்திரவதைப்பட்டு இந்த நாட்டுக்குத் தப்பி வந்தவர்களின் உடம்பைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவதுதான் முப்பது வருடம் இவர் செய்த வேலையாம். நம் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் எத்தனையோ பேரின் முதுகைப் பார்த்திருக்கிறார். கல்முனை என்ற பெயரை நாக்குப் பிசகாமல் சொல்கிறார். அவர்களைப் பற்றி நாம் ஒருநாளும் கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ பார்த்ததை எழுது. எப்படி நடந்தான்? கை எப்படி இருந்தது? கையெழுத்துப் போட்டானா? இந்த மூன்றையும்தான் டொக்டர் கேட்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். தம்பி என்ன எழுதி ஒட்டினான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அரசியல் விஷயம் என்றேன், அவ்வளவுதான்.

உன் காக்கா,
ஹஸன்

கல்முனை
16.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளிசை ஒழுங்காகத்தான் கொடுக்கிறேன். உம்மாதான் அதை நாக்குக்குக் கீழே ஒளித்து வைத்து, நான் அங்கால் போனதும் துப்புகிறா. அறுபத்தெட்டு வயதுப் பிள்ளையை வளர்க்கிறேன்.

வரிப்பத்தான்சேனை வயலில் வெட்டு முடிந்தது. இறக்காமம் பக்கமிருந்து வந்த யானை ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போயிருக்கிறது. மிச்சம் நல்ல விளைச்சல். என் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. சக ஆசிரியைமார் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

நீங்கள் யூத வீட்டில் வேலை செய்வதை உம்மா யாருக்கும் சொல்வதில்லை. "இங்கிலீஸ் டொக்டர் வீடு" என்றுதான் சொல்லுவா. அந்த அம்மாவின் அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள்.

தம்பி மெதுவாகத்தான் நடந்தான். அடைத்து வைத்தால் யார்தான் ஓடுவார்கள்? ஏதோ கடதாசியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், எல்லாரிடமும் வாங்குவதுதானே.

சுகத்துக்கு எழுதுங்கள்.
கமீலா

மான்செஸ்டர்
05.03.2025

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

நோன்பு தொடங்கிவிட்டது. விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பும் சத்தம் கேட்டு டொக்டரும் எழும்பி, எனக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வைக்கிறார். நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

நீ குளிசை, வயல், யானை, பள்ளிக்கூடம் என்று பத்து வரி எழுதுகிறாய், தம்பியைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறாய். சரி.

டொக்டர் எனக்கு ஒரு விஷயம் விளங்கப்படுத்தினார். அவர்களுடைய பழைய மார்க்கச் சட்டத்தில் ஒருவன் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி ஆக்க முடியாதாம். அடிக்காமல் கேட்டு, அவனாக விரும்பிச் சொன்னாலும் ஏற்கமாட்டார்களாம். கண்ட சாட்சி இரண்டு பேர் வேண்டும். உயிர் வெறுத்தவன் தன்னைப் பற்றி எதையும் சொல்லுவான், அவன் உயிர் அவனுக்குச் சொந்தமில்லை, படைத்தவனுக்குச் சொந்தம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் உமர் கலீபாவும் இதைப்போல் சொன்னதை நான் சொன்னேன்: பசி போட்டு, பயமுறுத்தி, அடைத்து வைத்தால் எந்த மனிதனும் தன்னைப் பற்றிச் சொல்வதில் நம்பத்தக்கவன் அல்ல. திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த அவருடைய மகன் டேனியலுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "குண்டு வைத்தவனைப் பிடித்து, அது எங்கே என்று தெரியாவிட்டால்? உயிரைக் காப்பாற்ற எதையும் செய்யலாம் என்பதும் நம் மார்க்கம்தானே?" என்று தாயோடு வாதாடினான். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தம்பி என்ன செய்தான்?" என்று கேட்டான். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழும்பிப் போய்விட்டேன்.

தங்கச்சி, அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுது.

ஹஸன்

கல்முனை
20.03.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அல்லாஹ் உங்கள் நோன்பைக் கபூலாக்கட்டும். உம்மாவுக்குச் சுகமில்லை. நோன்புக்கு வருவான் என்று நான் சொன்ன பொய் இருபது நோன்பில் வெளுத்துவிட்டது. "பெருநாளைக்காவது வருவானா மகள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தொழப் போய்விடுகிறா.

தடுப்பை நீட்டிவிட்டார்கள். கேதீஸ்வரன் ஐயா என்னை இருத்தி வைத்துச் சொன்னார்: "தங்கச்சி, அந்த விடுதியில குண்டு வைக்கத் திட்டம் போட்ட எண்டு உங்கட தம்பி ஒப்புக்கொண்டு எழுதிக் குடுத்திரிக்கான். அவங்கட கையில வேற ஒரு சாட்சியும் இல்ல. அந்தக் கடதாசி ஒண்டுதான் வழக்கு." மற்றச் சட்டத்தில் பொலிஸிடம் சொன்னது செல்லாதாம். இந்தச் சட்டத்தில் பெரிய அதிகாரி முன்னால் சொன்னால் செல்லுமாம். அடித்து வாங்கினது என்று காட்டும் பாரம் தம்பியின் தலையில். ஐயாவின் தமையனும் 1991இல் இப்படி ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டு ஒன்பது வருடம் உள்ளே இருந்தவராம். அப்போது தமிழ்ப் பையன்களைப் பிடிக்கையில் நம் முஸ்லிம் ஊரில் "அவங்கட புள்ளைகள்தானே" என்று சொன்னவர்களில் நம் வாப்பாவும் ஒருவர். ஐயா அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது.

அந்த ஆறாம் திகதியைப் பற்றி இனி என்னிடம் கேட்க வேண்டாம் காக்கா. நான் ஒன்று கேட்கிறேன். தம்பி எழுதினது அந்த அம்மாவின் ஆக்களைப் பற்றித்தான் என்று அவவுக்குத் தெரியுமா? மறைத்து வாங்கும் உதவி ஹலாலா?

கமீலா

மான்செஸ்டர்
08.04.2025

தங்கச்சிக்கு,

பெருநாள் ஸலாம். உம்மாவை நல்ல டொக்டரிடம் காட்டு.

உன் கேள்வி என்னைச் சுட்டது. பெருநாளுக்கு மறுநாள் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடதாசியில் இருந்த வசனத்தையும் சொன்னேன். தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சாப்பாட்டைக் கதவடியில் வைக்கச் சொன்னார். போன வருடம் அவருடைய பேத்தி அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாடப் போய் நின்றவளாம். அவருடைய தகப்பன் தாய் காலத்தில் கடைக் கதவுகளில், விடுதிக் கதவுகளில் யூதருக்கு இடமில்லை என்று இப்படிக் கடதாசிகள் தொங்கினவாம். தாய் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் திரும்பி நடந்திருக்கிறா.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உன் தம்பி எழுதியது பிழை. அவனிடம் அதை நேரே சொல்ல ஆசை. என் பேத்திக்குக் கெடுதல் நினைத்தானா என்பது எனக்குத் தெரியாது. நினைத்திருந்தால் சாட்சி வைத்து விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஒரு மனிதனை அடிக்க நான் யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை. என் பேரைச் சொல்லி ஒருவரையும் அடிக்க வேண்டாம்."

டேனியல் கோபித்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை வரவில்லை. "எங்கள் ஆக்களிலும் அவனைப்போல் நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பயந்தவர்கள். பயத்தை எனக்கும் தெரியும். அந்த வாசலை ஒரு முறைக்கென்று திறந்தவர்கள் பிறகு மூடினதை நான் காணவில்லை" என்றார்.

சட்டத்தரணி அனுப்பிய அறிக்கையின்படி, சட்ட வைத்திய அதிகாரி தம்பியைப் பார்த்தது பிடித்து நாற்பது நாளைக்குப் பிறகு. தழும்பு இருக்கிறது, எப்போது வந்ததென்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட நாட்களில் அவன் உடம்பைக் கண்டவர் யாராவது சத்தியக் கடதாசி கொடுத்தால்தான் தன் அறிக்கை நிற்கும் என்கிறார் டொக்டர். கண்டது நீயும் மரைக்காரும் மட்டும். எழுது தங்கச்சி. தம்பியின் உயிர் உன் பேனையில் இருக்கிறது.

ஹஸன்

மான்செஸ்டர்
15.05.2025

கமீலா,

ஸலாம். ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் புருஷன் அப்ராஸ் மச்சானுக்குப் போன் எடுத்தால் "எல்லாரும் சுகம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நீ எதை மறைக்கிறாய்? யாருக்குப் பயப்படுகிறாய்? எனக்கு வருகிற கோபத்துக்கு இதற்கு மேல் எழுதாமல் விடுவதுதான் நல்லது.

ஹஸன்

கல்முனை
28.05.2025

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு இன்று முகமில்லை. வாசித்து முடித்த பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவீர்களோ தெரியாது.

தம்பியை இரண்டு பேர் பிடித்துக் கொண்டு வந்து கதிரையில் இருத்தினார்கள். காலில் செருப்பு இல்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கறுத்துக் கிடந்தன. பாதத்தை நிலத்தில் வைக்காமல் கால்களைத் தூக்கிக்கொண்டே இருந்தான். வலது கைப் பெருவிரல் மடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் தூக்கிக் குடித்தான். "ராத்தா, நான் ஒண்டும் செய்யல்ல. அந்தக் கடதாசி ஒட்டினது மட்டும்தான்" என்றான்.

அதிகாரி மரியாதையானவர். எங்களுக்கும் தேத்தண்ணி கொடுத்தார். தம்பி கையெழுத்துப் போட்டால் எல்லாம் லேசாகும் என்றார். மரைக்கார் தம்பியின் தலையைத் தடவி, "ஒத்துக்கொண்டு மாப்புக் கேட்டா முடிஞ்சிடும் மகன். பெரிய மனிசன் சொல்றாரு" என்றார்.

நம் பள்ளிவாசலில் அப்படித்தானே காக்கா நடக்கிறது? மரைக்கார்மார் முன்னால் நின்று "என்னில பிழை, மாப் பண்ணுங்க" என்று ஒருவன் சொல்லிவிட்டால், பிழை அவனில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கேயே கைகொடுத்து முஸாபஹா செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வாப்பா வயல் வரம்புச் சண்டையில் செய்யாத பிழைக்கு மாப்புக் கேட்டு, மாலையில் எதிராளியோடு தேத்தண்ணி குடித்ததை நாம் பார்த்தோமே. அந்தப் பழக்கத்தை நம்பி, சிங்களத்தில் எழுதியிருந்த கடதாசியை வாசிக்கத் தெரியாமல், நான் சொன்னேன்: "போடு தம்பி. போட்டுட்டு வா, வீட்ட போவம்."

அவன் என்னைப் பார்த்தான். பேனையைப் பிடிக்க முடியவில்லை. கடதாசி வழுக்கியது. அது நகராமல் நான்தான் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

எட்டு நாள் அடித்து அவர்களால் வாங்க முடியாததை ஒரு நிமிடத்தில் நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மரைக்காரிடம் போய் சாட்சிக்கு வரச் சொன்னேன். "கண்டதெல்லாம் கதைக்கப் போனா ஊருக்குத்தான் கேடு மகள்" என்று கதவைச் சாத்தினார். அப்ராஸ் மூன்று நாள் சாப்பிடவில்லை. "உன்னையும் உள்ளுக்குப் போட்டா புள்ளைகள ஆரு பாக்கிற?" என்கிறார். அவர் சொல்வதும் பிழையில்லை. ஆனால் உங்களுக்கே பாதகமானாலும் சாட்சி சொல்லுங்கள் என்று குர்ஆனில் இருப்பதை நான்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

சத்தியக் கடதாசி இத்துடன் இருக்கிறது. கடதாசியை அழுத்திப் பிடித்ததையும் அதில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேளுங்கள், அவர்களுடைய சட்டத்தில் என்னைப் போன்றவளுக்கு மன்னிப்பு உண்டா என்று.

கமீலா

மான்செஸ்டர்
20.06.2025

அன்புத் தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், கண்டுகொள். ஆனால் பொய் சொல்லமாட்டேன். முதல் இரண்டு நாள் உன் பெயரைச் சொல்ல என் நாக்கு வரவில்லை. பிறகு நினைத்தேன், உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் "போடு தம்பி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

டொக்டரின் அறிக்கை பதினோரு பக்கம். சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டோம். நீ எழுதிய உள்ளங்காலும் பெருவிரலும் சட்ட வைத்திய அதிகாரி கண்ட தழும்புகளோடு ஒத்துப்போகின்றன என்று எழுதியிருக்கிறார். இடையில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.

உன் கேள்விக்கு அவருடைய பதில்: மனிதனுக்கு மனிதன் செய்த பிழையை, பாதிக்கப்பட்டவனிடம் போய்க் கேட்காமல் கடவுள் மன்னிப்பதில்லையாம். நம்மிலும் அதுதானே. தம்பியிடம் போ.

உம்மாவுக்கு என் ஸலாம்.
ஹஸன்

கல்முனை
19.10.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறா. உங்கள் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.

தம்பியைச் சிறைச்சாலைக்கு மாற்றி, வழக்கும் போட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். "தம்பி, எனக்கு மாப் பண்ணு" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அந்தச் சொல்ல மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க ராத்தா. அந்தச் சொல்லாலதான் நான் உள்ளுக்கு வந்தன்" என்றான். நான் அழுதேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, "கோட்டுல வந்து கண்டதச் சொல்லுங்க. அது போதும்" என்றான்.

டொக்டர் அம்மா சொன்னதையும் சொன்னேன், அவவுடைய தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் திரும்பின கதையை. "அவங்கட்ட சொல்லுங்க, குண்டுக் கத பொலிஸ் எழுதினது. மேசைக்கு மேல ஒட்டினது நான். அத ஆரும் அடிச்சு எழுத வைக்கல்ல. போர் செஞ்சவனுக்கு எழுதின எண்டு நெனச்சன், வாசல்ல நிக்கிற புள்ளைக்கும் அதுதான் எண்டு வெளங்கல்ல. அது என்னில பிழைதான்" என்றான்.

அதை யாரும் கேட்டு வாங்கவில்லை காக்கா.

கமீலா

கல்முனை
22.02.2026

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக். நாங்கள் எல்லாரும் சுகம். டொக்டர் அம்மாவின் உடம்பு எப்படி? தம்பி சொன்னதுக்குப் பதிலாக அவ எழுதின இரண்டு வரியைச் சிறையில் அவனுக்குக் கொடுக்கவில்லை. நான் வாயால் சொல்லிவிட்டேன்.

தம்பி கையெழுத்துப் போட்ட கடதாசியை ஏற்பதா இல்லையா என்ற விசாரணை வியாழக்கிழமை நடந்தது. மரைக்கார் வரவில்லை. அப்ராஸ் வந்தார், பின்வரிசையில் இருந்தார். நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். கால், விரல், கோப்பை, ஒன்றும் விடவில்லை.

அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். "கையெழுத்துப் போடச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"கடதாசியைப் பிடித்துக் கொடுத்ததும் நீங்கள்?"

"ஓம்."

"அப்படியென்றால் அவரை எந்த அதிகாரியும் வற்புறுத்தவில்லை. சொந்த ராத்தா சொன்னார், தம்பி விரும்பிப் போட்டார். அப்படித்தானே?"

பாருங்கள் காக்கா. நான் சொன்ன உண்மையையே எடுத்து அவனைக் கட்டுகிறார். கேதீஸ்வரன் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொன்னது ஒரு சொல். அதுக்கு முதல் எட்டு நாள் அவங்க சொன்னது அவன்ட காலில இருந்த" என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். எப்படி எழுதினாரோ தெரியாது.

முடிந்து தம்பியைக் கொண்டு போகும்போது, வாசலில் ஒரு நிமிடம் பக்கத்தில் நிற்க விட்டார்கள். "ஏன் தம்பி அண்டைக்குப் போட்டாய்? எட்டு நாள் தாங்கினவன், இந்த மடச்சி சொன்னதுக்காகவா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுக்கில்ல ராத்தா" என்றான். "கடதாசியப் பிடிக்கக்குள்ள உங்கட கை என்ட கையில பட்டிச்சி. அந்த எட்டு நாளில அடிக்காமத் தொட்ட கை அது ஒண்டுதான். நீங்க கைய எடுத்திரக் கூடா எண்டு மெதுவா மெதுவாப் போட்டன்."

விலங்கு போட்டுக் கூட்டிப் போய்விட்டார்கள். தீர்ப்பு மார்ச் பத்தொன்பதாம் திகதி. உம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. நீங்களும் போனில் சொல்ல வேண்டாம்.

நோன்பு திறக்கும் நேரத்தில் எங்களுக்காகக் கையேந்துங்கள்.
தங்கச்சி கமீலா